சுண்ணாம்பு போட்ட வெல்லம் கருப்பாகத்தான் இருக்கும்

வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு அடுப்புச் சூடு பழகிவிடும், வாங்க வருகிறவர்களின் பேச்சுதான் பழகாது. ஆலை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமாரே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் ஆலை. கரும்புச்சாறு கொதிக்கும்போது உணவுக்கென்றே விற்கும் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுவோம். அழுக்கெல்லாம் நுரையாக மேலே வரும். வழித்துவிட்டால் சாறு தெளிந்துவிடும். மற்றவர்கள் போல வெளுப்புப் பொடி போடுவதில்லை, அதனால் வெல்லம் கருப்பு. பொங்கலுக்குள் இது விற்காவிட்டால் பொடி மூட்டையை இறக்கிவிடுவதாக என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்தப் பொடியை என் கையால் போட மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

வெற்றிலை போட்டவர்

நாமக்கல்லில் இருந்து காரில் ஒருவர் வந்தார். கலப்படமில்லாத வெல்லம் தேடி அலைகிறாராம். நான் கொப்பரையில் சுண்ணாம்பு நீர் ஊற்றுவதைப் பார்த்ததும் நாலடி பின்னால் போனார். உணவுச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் காட்டினேன், படிக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலை, சட்டைப்பையில் சுண்ணாம்பு டப்பி. எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, செவுத்துக்கு அடிக்கறதக் கொண்டாந்து திங்கறதுல ஊத்தறீங்களே, இது அடுக்குமாங்க?"

முகம் பார்த்தவர்

மண்டிக்காரர் எங்கள் வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடி ரசித்தார். இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். பிறகு பக்கத்து ஆலையின் மஞ்சள் வெல்லத்தின் அருகில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதே உதட்டுப் பிதுக்கலைத்தான் பார்த்தேன், இதே பேச்சைத்தான் கேட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொணமெல்லாம் தங்கமுங்க, நெறந்தான் கொஞ்சம் கம்மி."

வீட்டுக்காரரின் யோசனை

மண்டியில் வாங்காமல் மூட்டைகள் திரும்பி வந்த வருத்தத்தில், நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக்காரர் சுண்ணாம்பைத் தாராளமாக ஊற்றிவிட்டார். அளவு மீறினால் வெல்லம் இன்னும் கறுக்கும் என்று அத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அச்சில் இருந்து எடுத்தபோது எருமைக் கன்று நிறத்தில் இருந்தது. வாயில் வைக்க முடியவில்லை. ஒரு கொப்பரைச் சாறு வீண். கத்தித் தீர்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்: "சுண்ணாம்பு வெள்ளைதான? போட்டா வெளுக்கோணுமா இல்லியா, நீயே சொல்லு."

மறுபடியும் மண்டிக்காரர்

பொங்கல் நெருங்கியது. வீட்டுக்காரர் பொடி வாங்கப் பையை எடுத்துவிட்டார். அப்போது மண்டிக்காரர் போனில் கூப்பிட்டார், குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். வீட்டுக்கு மட்டும் எங்கள் கருப்பு வெல்லம் வேண்டுமாம், மண்டியில் யாருக்கும் தெரிய வேண்டாமாம்.

ஊரார் பிள்ளைக்குப் பொடி போட்டது, உங்கள் பிள்ளைக்கு மட்டும் சுத்தமானதா என்று கேட்டேன். மண்டியில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்து விற்றால் வீட்டுக்கும் தருகிறேன், இல்லாவிட்டால் கிடையாது என்றேன். வீட்டுக்காரர் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். மறுமுனையில் மண்டிக்காரர் குரலை இன்னும் தாழ்த்தினார்: "செரிங்க, ரெண்டு மூட்டை மண்டிக்குப் போடுங்க, ஓரமா வெச்சுக்கறேன்."

ஓரமாகவே இருக்கட்டும், இந்த ஆலைக்கு மருமகளாக வந்த கருப்பியும் முதலில் ஓரமாகத்தான் நின்றாள்.