கம்மலாகிப் போன ஹாஸ்டல் பணம்

மம்சாபுரத்துக் காளீஸ்வரிக்குக் கை கெட்டி. ராஜபாளையத்தில் அவள் படித்த கல்லூரியில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ் போய்விட்டால் அடுத்த டவுன் பஸ் வரும் வரை நிற்பாளே தவிர, தனியார் பஸ்ஸில் ஏறமாட்டாள். முதல் பீரியட் போனால் போகட்டும். தோழிகள் கேண்டீனில் பப்ஸ் வாங்கும்போது மட்டும் இவளுக்கு வயிறு சரியிருக்காது. மூன்று வருஷமாகவா ஒருத்திக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்? கஞ்சப் பிசினாரி என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அப்பன் காசில் பப்ஸ் தின்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். பி.காம் முடித்து மதுரையில் எம்.காம் சேர வேண்டும். படிப்புச் செலவை உதவித்தொகை பார்த்துக்கொள்ளும். ஹாஸ்டல் முன்பணத்தை மட்டும் கையிலிருந்து கட்டியாக வேண்டும். பதினைந்தாயிரம்.

அரசாங்கம் கல்லூரிப் பெண்களுக்குப் போடும் மாதம் ஆயிரம் அவள் கணக்கில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஏ.டி.எம். கார்டு அப்பா இருளப்பசாமியின் சட்டைப் பையில் இருந்தது. மனிதர் தங்கமானவர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். முதல் வருஷப் பணம் முழுக்க சேத்தூரில் ஒரு மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு மொய்யாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் வருஷப் பணம் கைமாற்றுக் கேட்டவர்களிடம் போனது.

அதன்பிறகுதான் காளீஸ்வரி மூளையைத் தீட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் நகைக்கடை ஒன்றில் பதினோரு மாதச் சீட்டுச் சேர்ந்தாள். அரசாங்கத்து ஆயிரத்தோடு, சனி ஞாயிறுகளில் பால்கோவா கடையில் டப்பா அடைத்துச் சம்பாதித்த ஆயிரத்தையும் சேர்த்துக் கட்டினாள். பெண்பிள்ளையின் நகைச்சீட்டில் எந்த அப்பனும் கைவைக்கமாட்டான். ஊர் காறித் துப்பிவிடும். அவள் நினைத்தது போலவே இருளப்பசாமி கார்டை அவளிடமே கொடுத்துவிட்டார். அம்மா சந்தனத்துக்கோ பெருமை பிடிபடவில்லை. தோட்ட வேலைக்குப் போகிற இடமெல்லாம், "எம்மக அவ கல்யாணத்துக்கு அவளே சேக்குதா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். காளீஸ்வரி மறுத்துப் பேசவில்லை. அந்த நினைப்புதான் பணத்துக்குக் காவல்.

சீட்டு முடிந்தது. மதுரையில் இடமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். சீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"பணமாத் தரமாட்டோமே பாப்பா, நகையாத்தான் எடுக்கணும்" என்றார் கடைக்காரர். "அட்டைக்குப் பின்னாடி போட்டிருக்கு பாரு."

மூன்று வருஷம் வணிகவியல் படித்தவள் அட்டையின் முன்பக்கத்தை மட்டும்தான் படித்திருந்தாள்.  அப்போதும் பிறவிக்குணம் விடவில்லை. சேதாரம் குறைவாக இருக்கிற நகை எது என்று கேட்டு, இரண்டு கிராமில் ஒரு ஜோடிக் கம்மல் எடுத்தாள்.

வீட்டில் சந்தனம் அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகளின் பழைய கவரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினாள். பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டாள்.

"ஏட்டி, எம்புட்டு அழகா இருக்கு! இனி என்ன, மாப்பிள்ள பாக்க வேண்டியதுதான? எங்க சித்தி மகன் பாண்டிச்செல்வம் இருக்கான். கேட்டுப் பாக்கட்டா மயினி?"

சந்தனம் வாய் திறக்குமுன் காளீஸ்வரி முந்திக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு இல்லம்மா. மதுரையில ஹாஸ்டலுக்குக் கட்டச் சேத்தேன். பணமாத் தருவாகன்னு நெனச்சேன்."

செல்வலட்சுமி அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லி நழுவினாள்.  ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டப் போன சந்தனம் வெகுநேரம் திரும்பவில்லை. ஒரு வருஷம் அம்மாவை ஏமாற்றிவிட்டோமே என்று காளீஸ்வரி தன்னையே நொந்துகொண்டாள். மதுரை அம்புட்டுத்தான் என்று முடிவுகட்டிப் படுத்தாள்.

காலையில் சந்தனம் வெளியூர் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கிளம்பு. சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கோ. கம்மலக் கழட்டாத."

எங்கே என்று கேட்கப் பயந்துகொண்டே காளீஸ்வரி பின்னால் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, சந்தனம் நேரே நகைக்கடன் தரும் பேங்குக்குள் நுழைந்தாள். அவளை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"என்ன சந்தனம், திருப்பவா, வைக்கவா?" என்றார் மதிப்பீட்டாளர்.

"வைக்கத்தான் சார்."

மகளின் காதிலிருந்து அவளே கழற்றிக் கொடுத்தாள். அவர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். "புத்தம்புதுசா இருக்கே. பிள்ள ஆசைக்கு நாலு நாள் போட்டிருக்கலாமே?"

"அவ ஆசை இது இல்ல சார்" என்றாள் சந்தனம். "வெதைக்கு வச்சிருக்கேன், ஆசுபத்திரிக்கு வச்சிருக்கேன், ஊரான் வீட்டு விசேசத்துக்கும் வச்சிருக்கேன். இன்னைக்குத்தான் மனசு நெறஞ்சு வைக்கேன். வட்டிய நான் கட்டுதேன். படிச்சு முடிச்சு அவ திருப்பட்டும்."

கொடுத்த பணம் முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. காளீஸ்வரியால் அழுகையை அடக்க முடியவில்லை.

"சொல்லிருக்கலாம்லட்டி" என்றாள் சந்தனம். அதற்குமேல் வையவில்லை. "பணத்தோட வீட்டுக்கு வராத. உங்கப்பா கண்ணுல பட்டா எவனுக்காவது தூக்கிக் குடுத்துருவாரு. இப்படியே மதுர பஸ் ஏறு."

பஸ் புறப்படுகிற நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளை ஏறிட்டுப் பார்த்தவள், "இரு, இரு" என்று பதறினாள். தன் காதில் கிடந்த கவரிங் கம்மலை அவசர அவசரமாகக் கழற்றி ஜன்னல் வழியே நீட்டினாள்.

"போட்டுக்கோ. காலேசுல சேரப் போற பிள்ள மூளிக்காதோட போகக் கூடாது."

அன்று மத்தியானம் வெறுங்காதோடு ஊருக்குள் நடந்து வந்த சந்தனத்தை, கம்மல் எங்கே என்று கேட்காதவர்கள் இல்லை. அவளும் ஒருவரையும் விடாமல் நிறுத்தி வைத்துப் பதில் சொன்னாள்.

"எம்மக போட்டுட்டு மதுரைக்குப் போயிருக்கா. படிக்க."