ஜீடிமெட்லாவுக்கு ஓர் இத்தாலிக் கார்

மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன் எதையும் லேசில் நம்பமாட்டான். குழாயில் வருவது தண்ணீர்தான் என்று ஒப்புக்கொள்ளவே அவனுக்குச் சோதனை வேண்டும். செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் பல வருஷமாக அந்த வேலை பார்க்கும் நான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த குடும்பக் காரைக் கொடுத்துவிட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்கினேன். அதுவும் தினசரி வேலைக்குப் போய்வர! ஏன் என்று கேட்காதீர்கள். இப்படி எதையாவது வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கேட்கமாட்டார்கள். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

நிபந்தனை

என் மனைவி ஸ்டெல்லா, செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் தமிழில் வண்டிக்குக் 'காடி', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. ஆல்வால் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவது. அவள் பள்ளிக்கு ஒரு நிமிஷம் தாமதமாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. பொய் சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது. பிள்ளைகள் வயிற்றுவலி என்றால், எந்தப் பக்கம் வலி என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவாள்.

காரை ஒருமுறை சுற்றிவந்தாள். பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். இரண்டு டிபன் பை வைக்கலாம். ஆள் உட்கார முடியாது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "இந்தக் காடியால ஒரே ஒரு நாள் நான் ஸ்கூலுக்கு லேட்டானாலும், அன்னைக்கே வித்துடணும். அப்புறம் அழுகை எல்லாம் நக்கோ."

சரிவு

வாங்குவதற்கு முன் நான் சும்மா இருக்கவில்லை. பெயின்டைத் தட்டிப் பார்த்தேன். டயரைத் தடவிப் பார்த்தேன். டார்ச்சோடு அடியில் படுத்து, எண்ணெய்க் கசிவு உண்டா என்று மோந்துகூடப் பார்த்தேன். விற்றவர் கடைசியில் அலுத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். சோதிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று: ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் அபார்ட்மெண்டின் பேஸ்மெண்டுக்கு இறங்கும் சரிவு.

முதல் நாள் சாயங்காலம் பெருமையாகத் திருப்பினேன். முன்சக்கரம் சரிவில் இறங்கியது, பின்சக்கரம் ரோட்டிலேயே நின்றது, நடுவயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது. எனக்கு முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் வர வழியில்லை. மாடி பால்கனிகளில் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் நாலு பேர் பின்னால் இழுத்து, இரண்டு பலகை போட்டு இறக்கினோம். அந்தப் பலகைகளுக்கு இப்போது பேஸ்மெண்டில் நிரந்தர இடம் உண்டு. வாட்ச்மேன் யாதய்யா குத்துக்காலிட்டு அடியில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதி காரா, பல்லியா சார்?"

கேட்

எங்கள் தொழிற்சாலைக்குள் நுழையும் எந்த வண்டியாக இருந்தாலும், கம்பில் பொருத்திய கண்ணாடியை அடியில் விட்டுப் பார்த்த பிறகே விடுவார்கள். விதி அப்படி. அந்த விதியை எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன் என்பதுதான் என் கிரகம்.

செக்யூரிட்டி முதலில் முதலாளியின் பையன் என்று நினைத்து விறைப்பாக சல்யூட் அடித்தார். கார் ஜன்னல் இறங்கி என் முகம் தெரிந்ததும் சல்யூட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு கம்பை எடுத்தார். கண்ணாடி காருக்கு அடியில் நுழையவே இல்லை. படுக்கவைத்துத் தள்ளினார், சாய்த்துத் தள்ளினார். பிறகு ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்துத் தானே படுத்துவிட்டார். பின்னால் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. முதல் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து என் பிரிவில் வேலை பார்க்கும் மதுரைக்காரர் பாண்டியன் கத்தினார்: "சார், அடுத்த ரூல் எழுதறதுக்குள்ள கொஞ்சம் உசரமான வண்டியா வாங்கிருங்க!"

தாஸ் சொன்ன தீர்ப்பு

மே மாதத்தில் டாஷ்போர்டில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று. நல்லவேளை, ஸ்டெல்லாவுக்குக் கோடை விடுமுறை. நிபந்தனையும் விடுமுறையில் இருந்தது. செகந்திராபாத் மெக்கானிக் தாஸ் என்ஜினைத் திறந்து, கிளப்பி, காதை வைத்துக் கேட்டார். முகத்தில் பக்தியே வந்துவிட்டது. ஒரு சென்சார் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார். அது வரும்வரை நான் ஷேர் ஆட்டோவில் முழங்காலை மடக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். வண்டியைத் திருப்பித் தரும்போது தாஸ் கண்கலங்காத குறையாகச் சொன்னார்: "காடி ஏ-ஒன் அண்ணா! ஹவ், நெசமாத்தான், ஆனா ஆபீஸ் போறதுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்குங்க."

கறுப்புக் கண்ணாடி

ஜூனில் பள்ளி திறந்தது. ஸ்டெல்லா இந்தக் காரிலிருந்து இறங்குவது ஒரு தனிக் கலை. முதலில் கால், பிறகு பை, அப்புறம் கதவைப் பிடித்து ஒரு தம். பள்ளி கேட்டில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். மானம் போகிறது என்று தினமும் என்னைத் திட்டினாள். ஆனால் இரண்டாம் வாரம் புதிதாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். பி.டி. மாஸ்டர் என்னிடம் குனிந்து கேட்டார்: "சார், மிஸ் இப்பல்லாம் கிளாஸ்ல சிரிக்கிறாங்களாமே, நெசமா?"

அசல் இத்தாலிக்காரர்

ஒருநாள், எங்கள் மாத்திரைகளை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆலையைத் தணிக்கை செய்ய ஓர் இத்தாலிக்காரர் வந்தார். காலையில் இறங்கியதுமே பார்க்கிங்கில் என் கார் கண்ணில் பட்டது. யாருடையது என்றார். என்னுடையது என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே. ஊர்க்காரியைக் கண்ட பாசத்தில் தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோளில் கைவைத்து, துக்கம் விசாரிக்கும் குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்: "தினமும் இதிலா வருகிறீர்கள்? நாங்கள் எல்லாம் ஜப்பான் கார் வைத்திருக்கிறோமே!"

ட்ராஃபிக்

ஜூலையில் ஒரு மழைக்காலை, ஆல்வாலுக்குச் சற்று முன்னால், எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் பைக்குள் வைத்தாள், குடையை விரித்தாள், இறங்கி ஆட்டோ பிடிக்க நடந்தாள். பள்ளி மணி அடித்திருக்கும் என்று எனக்கும் தெரியும். அந்தச் சிவப்பு பானெட்டில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, இறங்கிப் போய் அதைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

வாக்கு வாக்குதான். தாஸ் வந்து காரை உயிர்ப்பித்ததும் பழைய கார் விற்கும் புரோக்கருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் அவர் பேஸ்மெண்டில் காரைச் சுற்றிச் சுற்றிக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வந்தாள். யார் இவர் என்றாள். சொன்னேன். காருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்: "காடியால லேட்டுன்னு யாரு சொன்னா? பிரின்சிபால்கிட்ட ட்ராஃபிக்னு சொல்லிருக்கேன். இப்ப இதை வித்தா நான் பொய் சொன்னதா ஆயிடும். நக்கோ!"

அந்தக் கார் இன்றுவரை எந்தச் சோதனையிலும் தேறவில்லை. ஆனால் அதைத் தள்ளுபடி செய்யவேண்டிய வீட்டு அதிகாரியே அதன் கட்சியில் சேர்ந்துவிட்டதால், நாளைக் காலையும் பலகை போட்டு மேலே ஏற்றி, அதில்தான் ஜீடிமெட்லாவுக்குப் போகிறேன்.