எந்தக் காத்துக்கு என்று கேட்ட கணேசலிங்கம்

கணேசலிங்கம் அண்ணன் இறந்த செய்தி, நான் பார்த்திபனூரைத் தாண்டும்போது வந்தது. வண்டியில் ஐஸ் போட்ட நண்டுக் கூடைகள். மூன்று மணிக்குள் மதுரையில் இறக்க வேண்டும். ஓரங்கட்டி போனை எடுத்தேன். "தம்பி, காலமை சாப்பிட்டிட்டுப் படுத்தவர் எழும்பேல்லை" என்றார் அவர் மனைவி சிவமலர் அக்கா. லோடை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துதான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பாதி வழியில் திரும்பியிருந்தால் அவரே திட்டியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை.

மன்னார்ப் பக்கம் பிறந்து, சண்டைக்குத் தப்பி வந்து, மண்டபம் அகதி முகாமில் பாதி ஆயுளைக் கழித்தவர். போட் இன்ஜின் வேலைதான் அவர் பிழைப்பு. இங்கே போட் வைத்திருப்பவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இன்ஜின் திணறுகிறது என்று யார் போய் நின்றாலும், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: "எந்தக் காத்துக்கு?" எந்தக் காற்றில் ஓடும்போது திணறுகிறது என்று அர்த்தம். அந்தக் கேள்வியை அவர் என் பிக்கப் வண்டியிடமும் கேட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வண்டி பழைய டீசல் பிக்கப். நாலு கியர். அறுபதைத் தொட்டால் இன்ஜின் அலறும். போன ஆடி மாதம், ஒரே வாரத்தில் மூன்று நாள் மதுரைக்குத் தாமதமாகப் போனேன். அங்கே காத்திருக்கும் குளிர்சாதன லாரி மூன்று மணிக்குக் கிளம்பிவிடும். நண்டுக் கம்பெனி சூப்பர்வைசர் கோபப்படாமல்தான் சொன்னார்: "ஆவணி பொறந்தும் இப்படியே இருந்தா வேற வண்டி பாக்குறோம்ணே." அந்த லோடுதான் என் வீட்டில் அடுப்பெரிய வைப்பது. அது போனால் வண்டியை விற்றுவிட்டு கமுதிக்குப் போய் அண்ணன் தம்பிகளோடு மிளகாய்க் காட்டில் நிற்க வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான், மதுரையில் பழைய வண்டி பிரிக்கும் ஒருவர் ஓவர் டிரைவ் ஒன்று இருப்பதாகச் சொன்னார். கியர் பெட்டிக்குப் பின்னால் மாட்டும் இன்னொரு சின்னப் பெட்டி அது. மாட்டினால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே சக்கரம் வேகமாகச் சுற்றும். எனக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. நேராக அண்ணனிடம் போய், "பின்சக்கரத்துக்குப் போற சாஃப்ட்டை வெட்டி இதை மாட்டணும்ணே. நீங்கதான் செய்யணும்" என்றேன். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்தக் காத்துக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, இது வண்டி, வள்ளமில்ல" என்றேன். "அது தெரியுது. நீங்கதான் ரோட்டில ஓடுறது வள்ளம் எண்டு தெரியாம ஓடுறீங்க" என்றார். கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் காற்றுக்குப் பெயரெல்லாம் கிடையாது. காயப்போட்ட மிளகாய் பறக்காமல் தார்ப்பாய் மேல் கல்லை வைப்போம், அவ்வளவுதான் எங்களுக்குக் காற்றோடு உள்ள பழக்கம்.

மறுநாள் லோடோடு என்னுடன் ஏறிக்கொண்டார். முகாமில் சொல்லிவிட்டு வந்திருந்தார், சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும். அதனால் பரமக்குடி வரைக்கும்தான் வருவேன், பஸ்ஸில் திரும்பிக்கொள்வேன் என்றார். ஆக்ஸிலேட்டரில் ஒரு நைலான் நூலைக் கட்டி, டேஷ்போர்டில் ஒரு கொக்கி மேல் போட்டு, மறுமுனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டார். காலை அழுத்தினால் நட்டு மேலே ஏறும். முக்கால்வாசி அழுத்தினால் எங்கே வருமோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "நாலாவது கியரில நட்டு கோட்டுக்குக் கீழ நிண்டா இன்ஜினிட்ட மிச்சப் பலம் இருக்கு. ஓவர் டிரைவ் போடலாம். கோட்டைத் தாண்டினா மிச்சமில்லை. இல்லாததை எந்தப் பெட்டியும் தராது" என்றார்.

உச்சிப்புளியிலிருந்தே கச்சான் காற்று முகத்தில் அடித்தது. ஆடியில் அது மேற்கிலிருந்து வரும், நாமும் மேற்கேதான் போகிறோம். நட்டு கோட்டுக்கு மேலேயே நின்றது. சத்திரக்குடி வரை கீழே இறங்கவே இல்லை. எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் நட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். "தம்பி, நிப்பாட்டுங்கோ" என்றார்.

இறங்கிப் போய், கேபினுக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த கூடைகளையும், அதன் மேல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயையும் காட்டினார். "இதுக்கு என்ன பேர்?" "தார்ப்பாய்." "வள்ளத்தில விரிக்கிறதும் பாய்தானே? எதிர்க்காத்துக்கு ஆராவது பாய் விரிப்பானா? நீங்க தினமும் பாயை விரிச்சுக்கொண்டு மதுரைக்குப் போறீங்க." அத்தனை வருடமும் அந்தச் சொல் என் வாயில்தான் இருந்தது. ஒரு நாளும் என் காதில் விழவில்லை.

அந்த வாரமே கூடைகளைக் கேபின் உயரத்துக்கு மேல் போகாமல், அகலவாக்கில் நெருக்கி அடுக்கினோம். முன்பக்கம் ஒரு சாய்வுத் தகடு வைத்தார். தார்ப்பாயை முரசுத்தோல் மாதிரி இழுத்துக் கட்டினார். நட்டு இறங்கி, கோட்டை ஒட்டி நின்றது. லாரி கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னதாகவே மதுரையில் நின்றேன். ஆவணியில் லோடு என்னிடமே இருந்தது. சூப்பர்வைசர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் மாத்திட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. அந்த அற்ப சந்தோஷத்தை அண்ணனிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

ஆனாலும் ஆசை என்னை விடவில்லை. "இப்ப மாட்டலாமாண்ணே?" என்றேன். "கோட்டை ஒட்டி நிக்கிறது காணாது, இன்னும் இறங்கவேணும். வாடையும் வரட்டும். அதுக்கும் ஒருக்காப் பார்த்திட்டுச் சொல்லுறன்" என்றார். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்று தொடங்குவதற்கு முன்பே, புரட்டாசியில் போய்விட்டார்.

வாடையை நான் தனியாகத்தான் பார்த்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது பெரிய வலியாகத்தான் இருந்தது. மதுரைக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளியது, நட்டு கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது. திரும்பும்போது, சின்ன வெங்காய மூட்டைகளோடு மானாமதுரை தாண்டியதும், நட்டு மறுபடி கோட்டைத் தாண்டியது. ஆக, காற்று உதவுகிற பக்கம் மட்டும்தான் ஓவர் டிரைவும் உதவும். அந்தப் பக்கம் நான் ஏற்கெனவே நேரத்துக்குப் போகிறேன். வண்டியை ஓரங்கட்டி, ஓவர் டிரைவ் வைத்திருந்த மதுரைக்காரருக்குப் போன் செய்தேன். "வேணாம்ணே, வேற யாருக்காவது குடுத்துருங்க" என்றேன். ஒரு கணம் கூடத் தயங்கவில்லை.

அன்று மாலையே முகாமுக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து வந்தார். அதன் பின்பக்கம் என் வண்டியின் சாஃப்ட், எங்கே வெட்ட வேண்டும், ஓவர் டிரைவ் எங்கே உட்கார வேண்டும் என்று பென்சிலால் அளவோடு வரைந்திருந்தது. அழித்து அழித்து வரைந்ததில் தாள் நைந்திருந்தது. "உந்தப் பெட்டியில கை வைக்க இவருக்குச் சரியான ஆசை தம்பி" என்றார் அக்கா. "வாழ்நாளில ஒண்டு கழட்டிப் பார்க்கேல்லை, தம்பியின்ர வண்டியில பார்ப்பன் எண்டு நெடுகக் கதைச்சவர்."

என்னைவிட அவருக்குத்தான் அந்தப் பெட்டி வேண்டியிருந்தது. அவ்வளவு ஆசை இருந்தும் என்னிடம் காற்றைத்தான் கேட்டார். அவர் நினைவாக அதை மாட்டிவிடுவோமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அவருடைய நட்டே வேண்டாமென்று காட்டிய பிறகு மாட்டினால், அதைவிடப் பெரிய அவமரியாதை அவருக்கு வேறு இல்லை.

என் வண்டிக்கு இன்றும் நாலு கியர்தான். நூலையும் நட்டையும் கழற்றவில்லை. ஜன்னல் வழி வரும் மழைச்சாரலில் நனைந்து சாக்பீஸ் கோடு அழியும்போதெல்லாம் அதே இடத்தில் நானே போட்டுக்கொள்கிறேன். காலண்டர் தாளை அக்கா என்னிடமே கொடுத்துவிட்டார். அதை வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.