ஷிப்டுக்கு ஒரு டோஸ்

எங்கள் ஏழு மாத மகளுக்கு, தினம் ஒரு வேளை கொடுக்கச் சொல்லி வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார் டாக்டர். ஒரகடம் கார் தொழிற்சாலையில் எனக்கு மாலை ஷிப்ட், கணவருக்குக் காலை ஷிப்ட். மாதம் முழுக்க வர வேண்டிய பாட்டில் பதினைந்தே நாளில் காலி.

“கொட்டிட்டியா?” என்றார் அவர்.

“இன்னாங்க, காலையில குளிப்பாட்டினதும் நான்தானே குடுக்கறேன்?”

“நானும் சாயங்காலம் தெனம் குடுத்துகினுதானே கீறேன்!”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“இது கொழுப்புல கரையற வைட்டமின்மா. மிச்சமானா சிறுநீர்ல போயிடாது, உடம்புலயே சேரும்” என்றார் டாக்டர். நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் பாதிப்பு எதுவும் இல்லை.

வேலையில், நான் முடுக்கிய போல்ட்டை அடுத்தவர் மறுபடி முடுக்கிவிடாமலிருக்க மார்க்கரால் கோடு போடுவேன். ஒரு போல்ட்டைக்கூடக் கோடில்லாமல் விட்டதில்லை. பெற்ற பிள்ளையை விட்டிருக்கிறேன். இப்போது மருந்து கொடுத்த கையோடு, காலண்டரில் அன்றைய தேதி மேல் அதே கோடு விழுகிறது.