அக்கா இறங்கிய கரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் அடைத்துக் கிடந்த நாட்களில் இது நடந்தது. நடந்த இடம் எங்கள் ஊரல்ல, ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை.

முதலில் என் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பட்டாசு வேலைக்குப் போனவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், போகவைத்தவள் அவள்தான். நாங்கள் கடலுக்குப் போனதற்கு முந்தைய வருடம் அவள் வேலை பார்த்த ரூமில் தீப்பிடித்துவிட்டது. உயிர் தப்பினாள். ஆனால் கழுத்து, இடது கன்னம், இரண்டு கைகள் எல்லாம் வெந்துபோயின. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டி, மாதக்கணக்கில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்தாள். வந்தவள் மருந்துக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் வெளியே இறங்கவில்லை. கோவில் கொடைவிழாவில்லை, கல்யாணமில்லை, தெருமுக்கில் இருக்கும் கடைக்குக்கூட இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவாள்.

அப்படி இருந்தவள் ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஏலே, இங்கன இருந்து கடலு எம்புட்டு தூரம்?" என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இல்ல, ஆஸ்பத்திரில கெடக்கயில ஒடம்பு பூராம் எரியும். கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள நின்னா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே கெடப்பேன். கடலை நான் பார்த்ததே இல்லையேலே."

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். டாக்டரிடம் கேட்டோம். புண்ணெல்லாம் ஆறிவிட்டது, தண்ணீரில் இறங்கலாம், கடும் வெயில்தான் ஆகாது, ஒட்டவைத்த தோல் வேர்க்காது, சூடு உள்ளேயே தங்கிவிடும் என்றார். அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். சீசன் முடிந்து வேன் சும்மா நின்றது. முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டார்.

"நீ படிச்ச ஆளு. எந்தக் கடலுன்னு நீ பார்த்துச் சொல்லு, வண்டியை நான் விடுறேன்" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கூட்டமில்லாத எடமாப் பாரு."

இதை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். போனில் ஒவ்வொரு கடற்கரையாகத் தேடி, போய்வந்தவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். ஆழமில்லாத தண்ணீர், நிழலுக்குச் சவுக்குத் தோப்பு, அலையும் குறைவு என்று ஓரிடம் அமைந்தது. படங்களில் ஆளையே காணோம். வாரநாளாகப் பார்த்துப் புறப்பட்டோம். அம்மாவும் புளிசாதம் கட்டிக்கொண்டு கூட வந்தாள். அருப்புக்கோட்டை தாண்டியதும் அக்கா சன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்ததைக் கண்ணாடியில் கவனித்த அத்தான், வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

தோப்புக்குள் நுழைந்தோம். வரிசையாக வேன்கள். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் என்று எல்லாவற்றிலும் எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்கள். வாரநாளென்றால் கூட்டமிருக்காது என்று கணக்குப் போட்டவனுக்கு, கம்பெனி அடைத்தால் எங்கள் ஊருக்கே ஒட்டுமொத்தமாக லீவு என்பது உறைக்கவில்லை. வருடம் முழுக்க வேலைபார்த்த சனங்களுக்கு ஊர் சுற்றக் கிடைக்கும் நாட்களே அவைதானே!

திருப்பிவிடலாம் என்று அத்தான் கியரைப் போடுவதற்குள், "ஏ, இது நம்ம டிரைவரண்ணன் வண்டில்லா!" என்று ஒரு குரல். அக்காவோடு வேலை பார்த்த பெண்கள். ஓடிவந்து கதவைத் திறந்தார்கள்.

"அடியே, நீயா? வாடி வெளிய!"

அக்கா கழுத்தில் போட்டிருந்த துண்டை இழுத்துக் கன்னத்தை மூடினாள். ஒருத்தி அந்தத் துண்டை மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டு, "எம்புட்டு லட்சணமான மூஞ்சி! இப்படி ஆயிப்போச்சே தாயி" என்று அழ ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்களும் அழுதார்கள். யாரென்றே தெரியாத நாலைந்து பேர், என்ன ஏதென்று எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு அந்த ரூமில் அவர்கள் இருந்திருந்தால் அவர்களுக்கும் இதே கதிதான். அது தெரிந்துதான் அழுதார்கள். ஆனால் அக்கா இறங்கவில்லை. "தலை வலிக்கு, பொறவு பார்ப்போம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. அந்தப் பக்கமே அவள் திரும்பவில்லை.

நான் விடவில்லை. போனில் பார்த்துவைத்திருந்த இன்னொரு கரைக்கு வழி சொன்னேன். மணல் பாதையில் வெகுதூரம் உள்ளே போகவேண்டும். போய்ச் சேர்ந்தபோது உண்மையிலேயே ஒரு ஈ காக்கை இல்லை. வெள்ளை மணல், நீளத்துக்கு யாருமில்லாத கடல். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் நிழலென்று ஒரு மரமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா ஒரு காலை வெளியே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"வேண்டாம்லே, போயிருவோம்."

"இங்கதான் யாருமே இல்லையேக்கா!"

"அதான் பயமா இருக்கு. ஒண்ணு ஆச்சுன்னா கூப்பிடக்கூட ஆளில்ல."

கூட்டம் வேண்டாம் என்று அவள் சொன்னதை, மனிதரே வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்து, "போதும்யா, வீட்டுக்குப் போவோம். அவளப் போட்டுப் படுத்தாத" என்றாள். இன்றைக்கு இப்படியே திரும்பினால் அக்கா இனி ஒருநாளும் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள் என்று தோன்றியது. அதற்கு நானே காரணமாகிவிட்டேன் என்ற நினைப்போடு வண்டியில் ஏறினேன்.

திரும்பும் வழியில் வண்டி சூடேறிவிட்டதென்று, கடலோரமாக இருந்த ஒரு சின்ன ஊரில் தண்ணீர் வாங்க நிறுத்தினோம். வானம் மூடத் தொடங்கியிருந்தது. கரையில் பத்துப் பதினைந்து பெண்கள் சாக்குகளை இழுத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து ஏறி வந்தார்கள். கடற்பாசி எடுப்பவர்கள். எல்லாருமே சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை முழுக்கையாகப் போட்டிருந்தார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள். என் அக்காவும் அன்று அத்தானின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். தோல் வெடிக்காமலிருக்க அவள் கைகளிலும் துணி சுற்றியிருந்தது.

அக்கா சன்னல் வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே கதவைத் திறந்து இறங்கினாள். நான் பின்னால் போகப் பார்த்தேன். அத்தான் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

சாக்கை உதறிக்கொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண் அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எந்தக் கரை நீ? இன்னைக்குப் பாசிக்கு இறங்கலியா?"

"நான் சிவகாசி. பட்டாசுக்குப் போனவ."

"அடி ஆத்தி! சட்டையைப் பார்த்து நம்ம ஆளுன்னுல்ல நெனச்சேன்" என்று அவள் சிரித்தாள். சிரித்தபடியே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஆனால் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"தீயா?"

"ஆமா."

"இப்ப வலி இருக்கா?"

"இல்ல. வெயிலுதான் ஆகாது."

அந்தப் பெண் வானத்தைப் பார்த்தாள். "மேகம் மூடிருச்சுல்ல. கடலுக்குள்ள வாறியா?"

அவ்வளவுதான் பேச்சு. ஐயோ பாவம் இல்லை, எப்படி நடந்தது என்ற விசாரிப்பு இல்லை. "ஏய், அந்தப் பக்கம் பள்ளம், இப்படிக் கூட்டிட்டுப் போ" என்று இன்னொருத்தி கத்தினாள். மற்றவர்கள் அவரவர் பாசியை அலசிக்கொண்டிருந்தார்கள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று அக்கா உள்ளே போனாள். கழுத்தளவுத் தண்ணீர் வந்ததும் நின்றுவிட்டாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள். அங்கிருந்து அவர்கள் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தான் வேன் டயரைக் குனிந்து பார்ப்பதுபோல நின்றார்.

வெகுநேரம் கழித்துக் கரையேறிய அக்கா, அந்தப் பெண்களுக்கு நடுவிலே உட்கார்ந்து, கைத்துணியை அவிழ்த்து, சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டித் தண்ணீரைப் பிழிந்தாள். வெளியாள் முன்னால் அவள் கைகளைக் காட்டியதை அன்றுதான் பார்த்தேன். அவள் எங்களைப் பார்த்து, "ஏலே, அந்தப் புளிசாதத்த எடுத்துட்டு வாங்கலே, இவுகளும் பசியோட இருக்காக!" என்று கத்தினாள்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அக்கா துண்டு போடாமல் தெருமுக்குக் கடைக்குப் போய்வந்தாள். இப்போதும் சிலர் உச்சுக்கொட்டுகிறார்கள், சில நாள் அவள் அழுகிறாள், ஆனாலும் போய்வருகிறாள்.

நான் இப்போது ஒரு அச்சகத்தின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். லீவு வந்தால், "நல்ல கடற்கரையா ஒண்ணு சொல்லுப்பா" என்று கூட வேலை பார்ப்பவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். யாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.