மல்லிகாவின் முழங்கால்

ஒரு பொய்யை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன வருஷம் இதே பக்கத்தில், நீலகிரியில் குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்து மலையிறங்கினேன் என்று எழுதி, படமும் போட்டு, நாற்பத்தோரு பேரிடம் பாராட்டு வாங்கினேன். அந்தப் படம் சமதரையில் எடுத்தது. போனைச் சாய்த்துப் பிடித்தவள் என் மனைவி. பின்னால் இருந்த கரண்டு கம்பமும் கூடவே சாய்ந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. உண்மையில் இறங்கும்போது நான் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ‘அம்மா’ என்று அலறினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

நடந்தது ஏப்ரலில். கோவையிலிருந்து காலை 5.40 பஸ். மேட்டுப்பாளையத்தில் இட்லி, பர்லியாரில் மனைவிக்கு வாந்தி, ஊட்டி வந்து சேரும்போது 9.30. மதியம் மூன்று மணிக்கு, குன்னூர் சாலையில் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை ஓரம் நின்றிருந்த சிவராஜைப் பார்த்தோம். பக்கத்தில் மல்லிகா. பழுப்பு நிறப் பெண் குதிரை, என்னைவிட லட்சணம்.

சிவராஜுக்கு ஒன்றேகால் ஏக்கர் தேயிலை உண்டு. பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம் அது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று விட்டுவிட்டார். இடுப்பளவு இருக்க வேண்டிய செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிக் கிடந்தன. மனைவி சாந்தியின் கம்மலை விற்று வாங்கிய மல்லிகாதான் இப்போது சோறு போடுகிறாள்.

“எத்தன கிலோ இருப்பீங்க? எழுவத்தஞ்சுக்கு மேல ஏத்தறதில்லீங்க.”

“எழுபத்திரண்டு” என்றேன்.

சமதரையில் ஒரு கிலோமீட்டர் சுற்று ஐந்நூறு ரூபாய். சுற்றி முடித்தேன். கீழே அறுநூறு மீட்டர் சரிவில், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அடியில் சிவராஜின் வீடு. மல்லிகா வீட்டுக்குப் போகும் நேரம். அந்தப் பாதையில் குதிரையிலேயே இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, நீங்கள் எல்லாம் படிப்பீர்களே என்கிற வெறி.

“எறக்கத்துல ஆள ஏத்தறதில்லீங்க. எறங்கி நடந்துருவாங்க, குதிரை சும்மா வரும். முன்னாடி வச்சிருந்த குதிரைக்கு அப்படித்தானுங்க கால் போச்சு. ஊட்டுல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

“ஆயிரம் தர்றேன்.”

அன்று காலையிலிருந்து அவருக்கு வேறு போணி இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் தேயிலையைப் பார்த்தார்.

“கயித்த நான் புடிச்சுக்கறேனுங்க.”

“கயிறும் வேண்டாம். எனக்குப் பழக்கம்தான்.”

என் பழக்கம் கல்யாண மாப்பிள்ளையாக ஏறின ஒரே ஒரு தடவை. அதுவும் வாடகைக் குதிரை, தெருமுனை வரை.

“பின்னால சாஞ்சுக்கோங்க. குதிகால அழுத்துங்க. கடிவாளத்த இழுத்துராதீங்க, தலைய அது போக்குல விட்டுருங்க. அது பாத்துப் போயிக்கும்.”

மனைவி டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் நாற்பது மீட்டர் ராஜா மாதிரி போனேன். வளைவு வந்தது. குனிந்து கீழே பார்த்தேன். அவ்வளவுதான், உடம்பு முன்னால் சாய்ந்தது, கை கடிவாளத்தை இழுத்தது. மல்லிகாவின் தலை மேலே தூக்கிக்கொண்டது. காலடி எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னங்கால் இரண்டும் மடங்கின. கழுத்தைக் கட்டிக்கொண்டு ‘அம்மா’ என்று அலறியும் பிடி நிற்கவில்லை, பறந்து தேயிலைக்குள் விழுந்தேன். கவாத்துப் பண்ணி மட்டமாக வெட்டின செடியாக இருந்திருந்தால் மெத்தை. இது விறகு.

சிவராஜ் என் பக்கமே திரும்பவில்லை. மண்டியிட்டு மல்லிகாவின் காலை மேலிருந்து கீழே தடவினார். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து ரத்தம். நானும் மல்லிகாவும் நொண்ட, மூவரும் இறங்கினோம்.

பாதி வழியில் சாந்தி வாளித் தண்ணீரோடு எதிரே வந்தார்.

“என்னாச்சுங்க கால்ல? ஆள ஏத்துனீங்களா?”

சிவராஜ் என்னைப் பார்த்தார். ‘நான்தான் வற்புறுத்தினேன்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

“கல்லு தடுக்கிருச்சு” என்றார் அவர்.

“ஆமாங்க, பெரிய கல்லு” என்றேன் நான். சட்டைப் பையில் தேயிலைக் கொழுந்து நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, சாந்தி போட்ட டீயைக் குடித்தேன். நல்ல டீ.

ஒரு வருஷம் கழித்து, போன மாதம், மன்னிப்புக் கேட்கப் போனேன். மல்லிகா இருக்கிறாள். முழங்காலில் புண் ஆறி வெள்ளை முடி முளைத்திருக்கிறது. அந்த மே மாதச் சீசன் முழுக்க அவள் கொட்டகையிலும், சிவராஜ் கேரட் மூட்டை தூக்கியும் கழித்திருக்கிறார்கள். சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாணி அள்ளுவதை நிறுத்தவில்லை.

“எங்கூட்டு வாசல்ல நின்னா அந்த வளைவு பளிச்சுனு தெரியுமுங்க. நீங்க அம்மான்னு கத்துனதக் கேட்டுத்தானே வாளியத் தூக்கிட்டு ஓடியாந்தேன்.”

“அப்புறம் ஏனுங்க கேட்டீங்க?”

“ரெண்டு ஆம்பளைங்கள்ல ஒருத்தராச்சும் உள்ளதச் சொல்றீங்களான்னு பாத்தனுங்க.”

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இறக்கத்தில் பார்வை குளம்பில் வேண்டாம், பாதையில் வையுங்கள். இடுப்பைத் தளர்த்திப் பின்னால் சாயுங்கள். கடிவாளம் கையில் இருந்தால் போதும், இழுபட வேண்டாம். இதெல்லாம் சரியான யோசனைதான். இதைவிடச் சரியானது, குதிரைக்காரர் இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவது. நடந்தால் எட்டு நிமிடம். திரும்பி ஏற இருபத்தைந்து. சனி, ஞாயிறு தவிர்த்துப் போங்கள். சிவராஜிடம் போனால் கேரட் கொண்டு போங்கள், மல்லிகாவுக்குப் பிடிக்கும்.

இன்னொன்றை சாந்தியிடமும் சொல்லவில்லை. அன்று என் எடை எண்பத்தொன்பது.