முன்பதிவா, ரூம் இருக்குங்களா?

ஸ்டெல்லா அக்கா ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கொட்டச்சேட்டில் தன் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். இணையதளம் நான் செய்து கொடுத்தது. பலர் பார்த்தார்கள், யாரும் அறை கேட்கவில்லை. இந்த மாதமும் ஆள் வராவிட்டால் வீட்டை ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிடுவதாக இருந்தார்.

போன வாரம் சொன்னார்: “முன்பதிவு செய்கன்னு போட்டிருக்கறயே கண்ணு, பத்திர ஆபீஸாட்ட இருக்குது. யாரு தொடுவாங்க?”

சிரித்தேன். ஆனாலும் சோதித்துப் பார்த்தேன். கைபேசியில் தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய “முன்பதிவு செய்க” பொத்தான். மீதிப் பேருக்கு “ரூம் இருக்குங்களா?” என்ற புதிய பொத்தான். அதைத் தொட்டால் அதே கேள்வி அக்காவின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும்.

இன்று காலை இருவரும் ஏற்காடு பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டு வந்தோம். அக்காவின் போனில் வாட்ஸ்அப் ஒலித்தது.

“ரூம் இருக்குங்களா?”

பதில் எழுத வேண்டும் என்பதையே மறந்து, “இருக்குதுங்க! நொம்ப நல்லாவே இருக்குதுங்க!” என்று கத்திவிட்டார்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “சீட்டு எங்கீங்கக்கா இருக்குது? இருந்தா நானே உக்காந்துக்குவேனுங்க.”

மாலைக்குள் இன்னும் சிலர் அதையே தொட்டிருந்தார்கள். பழைய பொத்தானை ஒருவரும் தொடவில்லை. சனிக்கிழமைக்கு இரண்டு அறைகளும் நிரம்பிவிட்டன. ஏஜெண்டுக்கு இப்போதைக்கு வேலையில்லை.

அடுத்தது “சமர்ப்பிக்கவும்” பொத்தான். அதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?